உங்களுக்குத் தெரியுமா? தோற்றே பழகிய குதிரை
பினாங்கு டர்ஃப் கிளப் 1864இல் தொடங்கியது. மெக்காலிஸ்டர் சாலைப் பக்கம் நடந்த அதன் குதிரைப் பந்தயங்கள் 1939இல் பத்து காந்தோங்குக்கு இடம் மாறி, 2025 மே வரை அங்கே நடந்தன.

அந்த இடமாற்றக் காலத்தில் அமெரிக்காவே கொண்டாடிய குதிரை சீபிஸ்கட். முதல் 17 பந்தயங்களில் ஒன்றில்கூட வெல்லாதது. 1936இல் 8,000 டாலருக்கு விலைபோனது. வாங்கியவர் கார் வியாபாரி சார்ல்ஸ் ஹோவர்ட். பழக்கியவர் அதிகம் பேசாத டாம் ஸ்மித். ஓட்டியவர் ரெட் போலர்ட். ஒரு கண்ணில் பார்வை இல்லாததை மறைத்தே சவாரி செய்தார்.

1938 நவம்பர் 1 அன்று, முந்தைய ஆண்டின் மும்முடி (டிரிப்பிள் கிரவுன்) பட்டம் வென்ற வார் அட்மிரல் என்ற குதிரையை சீபிஸ்கட் நேருக்கு நேர் தோற்கடித்தது. அன்று சேணத்தில் இருந்தவர் ஜார்ஜ் வூல்ஃப். கால் முறிந்து கிடந்த போலர்ட், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே நண்பருக்கு உத்தி சொல்லிக்கொடுத்திருந்தார். மொத்தக் கதையிலும் என் மனத்தை அள்ளும் இடம் இதுதான்! பிறகு குதிரையின் காலிலும் காயம். இருவரும் ஒன்றாகத் தேறி, 1940இல் சாண்டா அனிட்டா பந்தயத்தை வென்றார்கள்.

2003இல் வெளிவந்த ‘சீபிஸ்கட்’ திரைப்படம் சிறந்த படம் உட்பட 7 ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. போலர்டாக நடித்தவர் டோபி மெக்வயர்.