ஈரலுக்கு இரட்டை அபாயம்

லாரிக்கும் முட்டைக்கும் பெயர் போன ஊர் நாமக்கல். சேலத்தில் இருந்து பிரிந்து 1997ல் தனி மாவட்டம் ஆயிற்று. சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் "ரிக்" வண்டி என்று, நாடெங்கும் ஓடிப் பிழைப்பவர்கள் இந்தச் சமவெளியில் அதிகம். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருக்கும் தொழில் இது.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் 1986ல் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் அந்தக் கிருமி அதிகம் பரவிய மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல்லும் ஆயிற்று.

2004 முதல் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுத்து வருகிறது. அதை விடாமல் சாப்பிடுகிறவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள். அப்படி வாழ்கிறவர்கள் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டிய உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் ஈரல்!

சத்தம் போடாத கிருமி

ஈரலைத் தாக்கும் கிருமிகளில் "ஹெபடைடிஸ் சி" பொல்லாதது. 1989ல் இது அடையாளம் காணப்பட்டது. இது ரத்தத்தின் மூலம் பரவும். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதால் பரவாது. பலருக்குக் கண்கூட மஞ்சளாவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் சத்தம் இல்லாமல் இருந்து, ஈரலைச் சுருங்க வைத்துவிடும். சிலருக்குப் புற்றுநோயும் உண்டாகும்.

இரண்டும் சேர்ந்தால்?

"சி" கிருமி புகுந்த 100 பேரில் சுமார் 30 பேருடைய உடம்பு, மருந்து இல்லாமலே அதை விரட்டிவிடும். எச்.ஐ.வி. இருந்தால் இந்த அதிர்ஷ்டம் குறைவு. கிருமியோடு போராட வேண்டிய வெள்ளை அணுக்களை எச்.ஐ.வி. அழித்துவிடுவதே காரணம். காவல்காரன் இல்லாத வீட்டில் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே!

குடலின் காவலும் தளர்கிறது. அங்கிருந்து கசியும் நுண்ணுயிர்ப் பொருள்கள் ஈரலை மேலும் புண்ணாக்குகின்றன. புண் ஆறி ஆறித் தழும்பு ஏறுகிறது. இரண்டு கிருமிகளும் உள்ளவர்களுக்கு ஈரல் சுருக்கம் வரும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு. மதுவும் சேர்ந்தால் கேட்க வேண்டியதே இல்லை.

யாருக்கு வரும்?

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பெரும்பாலும் உடல் உறவினால் பரவியது. ஆகையால் இரண்டும் சேர்ந்தவர்கள் இங்கு அதிகம் இல்லை. போதை ஊசி பழக்கம் உள்ள மணிப்பூரில்தான் அதிகம். ஆனாலும், ஒருவருக்குப் போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள், பல ஆண்டுகளுக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், பச்சை குத்திக்கொண்டவர்கள் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பரிகாரம் உண்டு

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவது வழக்கம். "சி" கிருமியை அது ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாத்திரை இருக்கிறது. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். 100 பேரில் 95 பேருக்குக் குணம் ஆகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அதே பலன்தான்! 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசம்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருந்தால் சாதாரண ரத்தப் பரிசோதனை கிருமியைக் காட்டாமல் போகலாம். கிருமியையே தேடும் பரிசோதனை தேவைப்படும். சில மருந்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளாது. ஆகவே, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

லாரிக்குத் தவறாமல் எப்.சி. பார்க்கிறார்கள். ஓட்டுகிறவரின் ஈரலையும் ஒரு தடவை பார்க்கக் கூடாதா?