வேலி போட்டுப் பாதுகாத்த பட்டாம்பூச்சி எப்படி அழிஞ்சுது?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று பேச்சைக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

 

இன்னைக்கு ஒரு பட்டாம்பூச்சியைப் பத்திப் பேசப் போறேன். அதோட பேர் லார்ஜ் ப்ளூ. பேர்ல தான் லார்ஜ். இறக்கையை விரிச்சு வச்சா ஒரு தீப்பெட்டி நீளம் இருக்கும், அவ்வளவு தான். நீல இறக்கை, அதுல மை தெறிச்ச மாதிரி கறுப்புப் புள்ளிகள். இங்கிலாந்தோட தெற்கிலும் தென்மேற்கிலும் இருக்கற புல் சரிவுகள்ல பறந்துக்கிட்டு இருந்தது. 1979-ல, இது பிரிட்டன்ல முழுசா அழிஞ்சு போச்சுன்னு அறிவிச்சாங்க.

அழிஞ்சு போன உயிரினம்னா, "யாரும் கவலைப்படலை, அதனால அழிஞ்சுது"ன்னு தானே நினைப்போம்? இங்க அப்படி இல்லை. பிரிட்டன்ல இந்தப் பூச்சியைக் காப்பாத்தப் பல வருஷமா முயற்சி பண்ணினாங்க. இதுக்காகவே நிலங்களை ஒதுக்கினாங்க. 1975-ல ஒரு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்போ, அதோட பாதுகாப்புப் பட்டியல்ல மொத்தமே ஆறு விலங்கு தான். அதுல ஒண்ணு இந்த லார்ஜ் ப்ளூ. சட்டம் வந்து நாலே வருஷத்துல பூச்சி இல்லை.

இத்தனை அக்கறை இருந்தும் ஏன் அழிஞ்சுது? அப்புறம் எப்படித் திரும்பி வந்தது? ஆமா, திரும்பி வந்துடுச்சு. அது தான் இந்த எபிசோடு.

முதல் சந்தேகம் யார் மேல?

எங்க வேலையில புரொடக்ஷன்ல ஏதாவது உடைஞ்சா, எல்லாரும் முதல்ல கண்ணுக்குத் தெரியற ஆளைத் தான் சந்தேகப்படுவோம். "கடைசியா டிப்ளாய் பண்ணினது யாரு?" இங்கேயும் அதே கதை தான்.

19-ஆம் நூற்றாண்டு பிரிட்டன்ல பட்டாம்பூச்சி சேகரிக்கறது ஒரு பெரிய பொழுதுபோக்கு. வலையை எடுத்துக்கிட்டுப் போய்ப் பிடிச்சு, குண்டூசி குத்திக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருவாங்க. லார்ஜ் ப்ளூ அபூர்வமானது, அதனால கிராக்கியும் அதிகம். எண்ணிக்கை குறையக் குறைய எல்லாரோட விரலும் இந்தச் சேகரிப்பாளர்களை நோக்கித் திரும்புச்சு. அவங்க பண்ணினது நல்ல காரியம் இல்லை, சரி. ஆனா மூல காரணம் அவங்க தானா?

அப்படித் தான்னு நம்பி ஒரு இடத்துல வேலி போட்டாங்க. சேகரிப்பாளர்கள் உள்ளே வரலை. கூடவே, அதுவரைக்கும் அங்க மேஞ்சுக்கிட்டு இருந்த ஆடு மாடும் உள்ளே வரலை. கொஞ்ச காலத்துல அந்த இடத்துலயும் லார்ஜ் ப்ளூ காணாமப் போச்சு.

இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வரலை, ஏன்னா நானே இதைச் செஞ்சிருக்கேன். பாட் டிராஃபிக்கைத் தடுக்கறேன்னு ஒரு தடவை ஃபயர்வால்ல ஒரு ரூல் போட்டேன். பாட் நின்னுச்சு. பேமென்ட் கன்ஃபர்மேஷன் வர்ற வழியும் சேர்ந்து நின்னுச்சு. காசு கட்டினவங்களுக்கு ஆர்டர் போகலை. அதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. என்ன வரணும்னு தெரியாம எதையும் தடுக்கக்கூடாதுன்னு அன்னைக்குத் தான் புரிஞ்சுது.

எறும்புக் கூட்டுக்குள்ள பத்து மாசம்

இப்போ இந்தப் பூச்சியோட வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம். இது புரிஞ்சா தான் மிச்சக் கதை புரியும்.

தைம்னு ஒரு செடி இருக்கு, சூப்புல வாசனைக்குப் போடுவாங்களே, அந்தக் குடும்பம். இங்கிலாந்து சரிவுகள்ல காட்டுத் தைம் தரையோட தரையா படர்ந்து கிடக்கும். லார்ஜ் ப்ளூ அந்தப் பூ மொட்டுல முட்டை வைக்கும். புழு வெளியே வந்து மூணு வாரம் போல அந்தப் பூவைச் சாப்பிடும். இது வரைக்கும் சாதாரணக் கதை.

அதுக்கப்புறம், அரிசி அளவு கூட இல்லாத அந்தப் புழு ஒரு சாயங்காலம் செடியில இருந்து தரையில விழுந்துடும். விழுந்து சும்மா காத்துக்கிட்டு இருக்கும். யாருக்காகன்னா, ஒரு சிவப்பு எறும்புக்காக. எறும்பு வந்து தொட்டதும் புழு ஒரு துளி இனிப்புத் திரவத்தைச் சுரக்கும். அப்புறம் உடம்பை வளைச்சு, ஒரு எறும்புக் குஞ்சு மாதிரியே நடிக்கும். வாசனையும் அதே மாதிரி. "ஐயோ, நம்ம வீட்டுக் குழந்தை வெளியே கிடக்கே"ன்னு எறும்பு அதைக் கவ்விக்கிட்டுத் தன் கூட்டுக்குக் கொண்டு போகும்.

உள்ளே போன புழு என்ன பண்ணும் தெரியுமா? எறும்புக் குஞ்சுகளைத் தின்ன ஆரம்பிக்கும். ஏறக்குறைய பத்து மாசம், இருட்டுக்குள்ள, தத்தெடுத்த வீட்டுப் பிள்ளைகளையே சாப்பிட்டு வளரும். அதோட மொத்த எடையில ஏறக்குறைய எல்லாமே இப்படிச் சேர்ந்தது தான். எறும்புங்க ஏன் சும்மா விடுதுங்க? வாசனை ஒரு காரணம். இன்னொண்ணு சத்தம். ராணி எறும்பு போடற சத்தத்தைப் போலவே இதுவும் போடுதுன்னு ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. அடுத்த கோடையில கூட்டுப்புழுவுல இருந்து வெளியே வந்து, எறும்புப் பாதை வழியா நடந்தே மேலே வந்து, ஒரு செடியில ஏறி இறக்கையை விரிக்கும்.

முதல் உலகப்போர் சமயத்துலயே இந்த எறும்பு ரகசியம் வெளியே வந்துடுச்சு. பியூர்ஃபாய்னு ஒரு கேப்டன், வால்நட் ஓட்டுக்குள்ள எறும்புக் கூடு வச்சு இந்தப் புழுவை வளர்த்தே காட்டினார். ஆக, "தைம் வேணும், சிவப்பு எறும்பு வேணும்"னு எல்லாருக்கும் தெரியும். பாதுகாக்கப்பட்ட இடங்கள்ல போய்ப் பார்த்தா தைமும் இருக்கு, சிவப்பு எறும்பும் இருக்கு. செக்லிஸ்ட்ல எல்லாமே பச்சை டிக். ஆனா பூச்சி மட்டும் வருஷா வருஷம் குறையுது.

எந்த எறும்பு?

1972-ல ஜெரமி தாமஸ்னு ஒரு இளம் விஞ்ஞானி இதை ஆராய வந்தார். பெரிய கருவி எதுவும் இல்லை. கடைசியா மிச்சம் இருந்த பூச்சிகளோட இடத்துலயே வருஷா வருஷம் கோடை முழுக்க உட்கார்ந்து கவனிச்சார். எத்தனை முட்டை, எத்தனை புழு விழுது, எந்த எறும்பு தூக்கிட்டுப் போகுது, எத்தனை உயிரோட திரும்பி வருதுன்னு ஒவ்வொரு கட்டமா எண்ணினார். நம்ம பாஷையில சொல்லணும்னா, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் லாக் போட்டார்.

விஷயம் எங்க இருந்துச்சுன்னா, "சிவப்பு எறும்பு"ன்னு எல்லாரும் பொதுவா சொன்னது ஒரே இனம் இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கற பல இனங்கள். எது வேணும்னாலும் புழுவைத் தூக்கிட்டுப் போகும். ஆனா மிர்மிகா சபுலேட்டிங்கற ஒரே ஒரு இனத்தோட கூட்டுல தான் புழு நல்லாப் பிழைக்குது. மத்த கூட்டுக்குப் போனா பெரும்பாலும் சாவு தான்.

சபுலேட்டிக்கு என்ன வேணும்? சூடு. பிரிட்டன் குளிர் நாடு. தெற்கு பார்த்த சரிவுல, வெயில் நேரா மண்ணுல அடிக்கற இடத்துல தான் அது தாக்குப்பிடிக்கும். புல் ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல வளர்ந்தாலே நிழல் விழுந்து, மண்ணோட வெப்பம் ரெண்டு மூணு டிகிரி குறையுது. நமக்கு அந்த வித்தியாசமே தெரியாது. எறும்புக்கு அது தான் எல்லாமே. சபுலேட்டி போயிடும், குளிரைத் தாங்கற இன்னொரு இனம் அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். மேலே இருந்து பார்த்தா அதே சரிவு, அதே தைம், அதே சிவப்பு எறும்பு.

புல்லைக் குட்டையா வச்சிருந்தது யார்?

ஆடு, மாடு, முக்கியமா முயல். 1950-களுக்கு அப்புறம் இந்த மாதிரி செங்குத்தான, வளம் குறைஞ்ச சரிவுல மேய்க்கறது விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகலை. சிலது உழவுக்குப் போச்சு, சிலதை அப்படியே விட்டுட்டாங்க. 1953-ல மிக்ஸோமடோசிஸ்ங்கற முயல் நோய் பிரிட்டனுக்கு வந்தது. சில வருஷத்துலயே நூத்துல தொண்ணூறுக்கும் மேல முயல்கள் செத்துப் போச்சு. புல் வளர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு மாறுச்சு, பூச்சி போச்சு.

ஒரு முயல் நோய் ஒரு பட்டாம்பூச்சியைக் கொன்னுடுச்சு. நடுவுல புல்லும் வெயிலும் எறும்பும்னு மூணு லேயர். அதனால தான் யாருக்கும் கண்டுபிடிக்க முடியலை.

சோகம் என்னன்னா, தாமஸுக்கு விடை கிடைச்சப்போ ரொம்பத் தாமதம் ஆயிடுச்சு. 1975, 76-ல அடுத்தடுத்து வறட்சி. டெவன்ல மிச்சம் இருந்த கடைசிக் கூட்டம் தாங்கலை. 1979-ல எல்லாம் முடிஞ்சுது.

சுவீடன்ல இருந்து ஒரு பேக்கப்

லார்ஜ் ப்ளூ ஐரோப்பாவோட மத்த பகுதிகள்லயும் இருக்கு. அதனால தாமஸும் அவரோட சகா டேவிட் சிம்காக்ஸும் முதல்ல இடத்தைச் சரி பண்ணினாங்க. புதரை வெட்டி, மேய்ச்சலைத் திரும்பக் கொண்டு வந்து, புல்லைக் குட்டையாக்கி, சபுலேட்டி எறும்பு பெருகற வரைக்கும் காத்திருந்தாங்க. 1983-ல சுவீடன்ல இருந்து புழுக்களைக் கொண்டு வந்து டெவன்ல விட்டாங்க. பிடிச்சுக்கிச்சு.

இந்த வரிசையைக் கவனிங்க. முதல்ல பூச்சியைக் கொண்டு வந்து விட்டுட்டு வேண்டிக்கலை. முதல்ல இடம், அப்புறம் எறும்பு, கடைசியா தான் பூச்சி.

அப்புறம் சாமர்செட், கிளாஸ்டர்ஷயர்னு பல சரிவுகள். கிளாஸ்டர்ஷயர்ல ராட்பரோ காமன்ங்கற இடத்துல அஞ்சு வருஷம் நிலத்தைத் தயார் பண்ணி, 2019-ல 1,100 புழுக்களை விட்டாங்க. 2020 கோடையில 750 போல பட்டாம்பூச்சிகள் பறந்தது. அந்த இடத்துல 150 வருஷத்துக்கு அப்புறம்! குட்டைப் புல்லை நம்பி வாழற மத்த பூக்களுக்கும் பூச்சிகளுக்கும் இதனால இடம் கிடைச்சது.

ஒரு வருத்தம் மட்டும் மிச்சம். இன்னைக்குப் பறக்கறது எல்லாம் சுவீடன் வம்சம். பிரிட்டனுக்கே உரிய அந்தப் பழைய வம்சம் போனது போனது தான். பேக்கப் இருந்துச்சு, ஆனா ஒரிஜினல் டேட்டா திரும்பி வரலை.

நான் பார்த்தது

பிராஜக்ட் விஷயமா கொஞ்ச மாசம் பிரிஸ்டல்ல இருந்தேன். ஜூன் கடைசியில ஒரு சனிக்கிழமை சாமர்செட்ல இருக்கற காலர்ட் ஹில்லுக்குப் போனேன். நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கற இடம், பொதுமக்கள் போகலாம்.

போனதும் ஏமாற்றம் தான். சரணாலயம்னா அடர்த்தியா பச்சையா இருக்கும்னு மனசுல ஒரு படம் இருந்துச்சு. இங்க ஒரு மொட்டைச் சரிவு. ஆடு மாடு கடிச்சுப் போட்ட புல், நடுநடுவுல வெறும் மண். வழியில எங்க பார்த்தாலும் சாணி. "இதையா பாதுகாக்கறாங்க?"ன்னு தோணுச்சு. கதை முழுக்கத் தெரிஞ்சிருந்தும் எனக்கு அப்படித் தோணுச்சு. வேலி போட்டவங்களுக்கும் அதே படம் தான் மனசுல இருந்திருக்கும், இல்லையா?

ரெண்டு மணி நேரம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் மேகம் விலகி வெயில் அடிச்சதும் காலுக்குப் பக்கத்துல ஒரு நீலம். தைம் பூ மேல உட்கார்ந்து அடிவயிறை வளைச்சுது. முட்டை வைக்குது! பத்து விநாடி இருக்கும், பறந்துடுச்சு. ஃபோனை எடுக்கவே இல்லை. அந்த முட்டைக்கு இனிமே சரியான வீட்டு எறும்பு வந்து தூக்கணும்னு நினைச்சுக்கிட்டே நின்னேன்.

யு.கே.ல படிக்கற, வேலை பார்க்கற நம்ம லிசனர்ஸ் நிறைய பேர் இருக்கீங்க. ஜூன் நடுவுல இருந்து ஜூலை நடு வரைக்கும் தான் இது பறக்கும். வெயில் நாளாப் பார்த்துப் போங்க, பாதையை விட்டு இறங்காதீங்க. கீழே எறும்புக் கூடு இருக்கும். அவ்வளவு தூரம் போக முடியலைன்னா, பட்டர்ஃப்ளை கன்சர்வேஷன் அமைப்பு வருஷா வருஷம் கோடையில பிக் பட்டர்ஃப்ளை கவுண்ட் நடத்தறாங்க. பக்கத்துப் பார்க்குல 15 நிமிஷம் நின்னு, கண்ணுல பட்ட பட்டாம்பூச்சிகளை எண்ணிப் பதிவு பண்ணணும். விஞ்ஞானியா இருக்கணும்னு இல்லை. தாமஸ் பண்ணின வேலையோட ஆரம்பமும் இது தானே? உட்கார்ந்து எண்ணினது.

அந்த வேலியைப் போட்டவங்க கெட்டவங்க இல்லை. பூச்சி மேல பாசம் இருந்துச்சு, பணம் செலவழிச்சாங்க, உழைச்சாங்க. அந்தப் பூச்சிக்கு என்ன தேவைன்னு அதுக்கிட்டயே போய்ப் பார்க்கறதுக்கு முன்னாடி வேலி போட்டுட்டாங்க. அது ஒண்ணு தான் குறை.

உங்க ஊர்ல, உங்க வேலையில, இப்படி நல்லெண்ணத்தோட போட்ட வேலி ஏதாவது ஞாபகம் வந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, கேட்க ஆசையா இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.