பால் பத்தலையா?

குழந்தைக்கு அன்று இருபதாவது நாள். மதுரைப் பக்கம் ஓர் ஊரில் உறவுக்காரப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்த அழுகை ஏழு மணியாகியும் ஓயவில்லை. கொஞ்சம் குடிக்கும், விட்டுவிட்டு வீறிடும், மறுபடி மார்பைத் தேடும். தாய் மார்பை அமுக்கிப் பார்த்தாள். முதல் வாரத்தில் கல்லாகக் கட்டிக்கொண்டிருந்தது, இப்போது தொளதொளவென்று கிடந்தது. பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா தீர்ப்புச் சொன்னார்: "பிள்ளைக்குப் பால் பத்தலைடி. ஒரு பாலாடை பவுடர் பால் கலக்கிக் குடு, தூங்கிரும்."

கொடுத்தார்கள். தூங்கிவிட்டது. பெரியம்மா சொன்னது சரி என்று எல்லோருக்கும் தோன்றியது.

ஆனால் அந்த மார்பு காலியாக இல்லை. நஞ்சுக்கொடி விழுந்ததும் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரேலென்று இறங்குகிறது. அதுவரை கட்டுப்பட்டிருந்த பால் சுரப்பு அதன்பிறகுதான் வேகமெடுக்கும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் மார்பு கட்டிக்கொள்வது இதனால்தான். அந்த வீக்கத்தில் பால் மட்டும் இல்லை, ரத்தமும் நிணநீரும் சேர்ந்திருக்கின்றன. சில வாரத்தில் வீக்கம் வடிந்து மார்பு மெத்தென்று ஆவது இயல்பு. பால் வற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

அதன்பிறகு சுரப்பின் அளவைப் பெரும்பாலும் மார்பே முடிவு செய்கிறது. பால் தேங்கி நின்றால் சுரக்கும் செல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வெளியேறினால் வேகம் கூட்டும். ஒரு பக்கமே தொடர்ந்து கொடுத்தால் மறுபக்கம் வற்றிப்போகிறதே, ஏன்? இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே ரத்தம், அதே ஹார்மோன். கணக்கு அந்தந்த மார்புக்குள் நடக்கிறது. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று கமலை ஓட்டியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலையில் விட்டு விட்டுக் குடிப்பது குழந்தை கிணற்றை இறைக்கும் வேலை. மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் வாக்கில் பல குழந்தைகள் இப்படிப் படுத்தும். 'நாளைக்குக் கூடுதலாக வேண்டும்' என்று மார்புக்குப் போகும் உத்தரவு அது. அந்த நேரம் பார்த்து பவுடர் பால் நுழைந்தால் ஒரு வேளைத் தாய்ப்பால் தேங்குகிறது, உத்தரவு ரத்தாகிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் குறைவு, அதற்கு இன்னொரு பாலாடை. இரண்டு மூன்று வாரத்தில் பால் நிஜமாகவே பத்தாமல் போகும். 'நான் அப்பவே சொல்லலையா?' என்பார் பெரியம்மா. நோய் வருவதற்கு முன்பே மருந்து வந்து, மருந்தே நோயைக் கொண்டுவருகிற கதை.

எவ்வளவு பால் இருந்தால் போதும்? ஆஸ்திரேலியாவில் 71 தாய்மாரிடம், ஒவ்வொரு வேளையும் பால் குடிக்கும் முன்பும் பின்பும் குழந்தையை எடை போட்டுப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக வளர்ந்த குழந்தைகள் அவை. ஒரு நாளைக்குக் குடித்தது சராசரி 788 கிராம். ஆனால் ஒரு குழந்தை 478 கிராமில் திருப்தி, இன்னொன்றுக்கு 1,356 வேண்டியிருந்தது. மார்பில் இருந்ததில் சராசரி மூன்றில் இரண்டு பங்கைத்தான் குடித்தன. வயிறு நிறைந்ததும் மீதியை விட்டுவிட்டன. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டின் கணக்கு இன்னும் விசித்திரம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 60. நாடு முழுவதும் அது 42 தான். நூற்றில் 45 பிரசவம் சிசேரியனாக இருக்கும் மாநிலத்தில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை இங்கே சுமார் 55, நாட்டின் சராசரி 64. ஆஸ்பத்திரியில் முந்துகிறோம், வீட்டுக்கு வந்ததும் பின்தங்குகிறோம். 26 வார மகப்பேறு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது ஏட்டில்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாலுக்கு அடுத்து தண்ணீர். 'வெயில் இப்படிக் கொளுத்துது, பிள்ளைக்கு நா வறளாதா?' தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். டெல்லிக் கோடையில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளையும், கூடத் தண்ணீர் கொடுக்கப்பட்ட குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1991-ல் லான்செட் இதழில் வந்தது. தண்ணீர் கொடுத்ததால் தனிப் பயன் எதுவும் தெரியவில்லை, தாய்ப்பால் குடிப்பதுதான் குறைந்தது.

பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பதைப் பற்றி இரண்டு வரி போதும். நல்ல குணம் படைத்தவர் கையால் தொட்டு வைத்தால் அந்தக் குணம் வரும் என்பது நம்பிக்கை. குணம் வருகிறதோ இல்லையோ, தேனில் ஒளிந்திருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைக் கக்கலாம். ஒரு வயது வரை தேன் ஆகாது.

மாடு ஈன்றால் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி, தெருவுக்கே கொடுத்துச் சாப்பிடுகிறோம். தாயின் சீம்பாலை மட்டும் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டியது எந்த ஊர் நியாயம்? அந்த மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது. குழந்தையின் குடல் சுவரில் பூச்சாகப் படிந்து கிருமியைத் தடுக்கும் ஐஜிஏ எதிர்ப்புப் புரதம் அதில் ஏராளம். முதல் நாள் சொட்டுச் சொட்டாக வருகிறதே என்ற கவலையும் வேண்டாம், அன்று குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியதே ஒன்றிரண்டு தேக்கரண்டிதான்.

பெரியம்மாவின் பூண்டுக்கு மட்டும் அறிவியல் வேறு விதத்தில் கை கொடுத்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துச் சோதித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் தாய்ப்பாலில் பூண்டு வாசம் உச்சத்துக்குப் போனது. வாசத்தைக் கண்டு குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. கூடுதல் நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. 1991-ல் வெளிவந்த அந்த ஆய்வு, பூண்டு பாலைப் பெருக்கும் என்று நிரூபிக்கவில்லை. ஆனால் பத்தியச் சோற்றின் ருசி பிள்ளைக்கும் போகிறது என்பது உறுதி.

பாலாடையையும் குறை சொல்ல மாட்டேன், தப்பு உள்ளே ஊற்றியதில்தான். குறைப்பிரசவத்தில் பிறந்து உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் புகட்ட அதைவிடத் தோதான பாத்திரம் குறைவு. புட்டிக்கு இருக்கும் ரப்பரும் மூலைமுடுக்கும் அதில் இல்லை, கழுவுவது சுலபம். அந்தச் சொல்லையே ஆங்கில மருத்துவ இதழ்கள் அப்படியே எடுத்துக்கொண்டன.

நிஜமாகவே பால் குறைவாக உள்ள தாய்மார் உண்டு. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியவர்கள். அதைக் கண்டுபிடிக்கும் வழி மார்பை அமுக்குவதல்ல. பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் குழந்தை எட்டிவிட்டதா, முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

மறுநாள் வந்த கிராமச் செவிலியர் தராசில் குழந்தையைப் போட்டார். பிறந்தபோது இருந்ததைவிட அறுநூறு கிராம் கூடியிருந்தது. "நேத்து எத்தனை துணி நனைச்சான்?" என்றார். யாரும் எண்ணவில்லை. பெரியம்மா எழுந்து கொல்லைக்குப் போய், கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு வந்தார்.

"ஒம்பது" என்றவர், உட்கார்ந்து மறுபடி பூண்டு உரிக்க ஆரம்பித்தார்.