நிலைத்த பட்டையும் மறைந்த பொத்தானும்

கற்பிட்டியில் மீன்வாடியிலிருந்தபடி ஒருவர் தமது கைத்தொலைபேசியில் விண்ணப்பப் படிவமொன்றை நிரப்புகின்றார் எனக் கொள்வோம். பெயரும் முகவரியும் எழுதியாயிற்று. ‘சமர்ப்பிக்க’ என்னும் பொத்தானை மட்டும் காணவில்லை. அது இல்லாமற் போகவில்லை. திரையின் அடியில் நிலைநிறுத்தப்பட்ட பட்டையொன்றின் கீழே கிடக்கின்றது. மேசைக் கணினியில் வேலைசெய்த வடிவமைப்பாளர் இதனைக் கண்டிருக்கமாட்டார். வாடியிலிருப்பவர்க்கோ எஞ்சுவது புத்தளத்துக்கான பேருந்துப் பயணமும் ஒருநாள் உழைப்பின் இழப்புமே.

இதன் காரணம் எளிது. ‘பொசிஷன்: ஃபிக்ஸ்ட்’ எனக் குறிக்கப்பட்ட உறுப்பு பக்கத்தின் இயல்பான ஒழுக்கிலிருந்து விலகிவிடுகின்றது, ஏனையவை அதற்கென இடம் ஒதுக்குவதில்லை. எனவே பட்டையின் உயரத்துக்கு ஈடான வெற்றிடத்தை உள்ளடக்கத்தின் அடியில் நாமே விடல் வேண்டும்.

ஆனால் பலரும் செய்வது வேறு. ‘இசட்-இன்டெக்ஸ்’ எண்ணை 99, 999, 9999 என உயர்த்திக்கொண்டே போவர். 1998இல் வெளிவந்த சி.எஸ்.எஸ். இரண்டாம் தரவிதியே இம்முயற்சிக்கு எல்லை வகுத்துவிட்டது. அந்த எண் தனது அடுக்குச் சூழலுக்குள் மாத்திரமே செல்லுபடியாகும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மீன்பெட்டிகளை நினைத்துக்கொள்க: அடிப்பெட்டிக்குள் ஒரு மீனை எவ்வளவு மேலே வைத்தாலும் அது மேற்பெட்டியைத் தாண்டாது. ஒன்றிற் குறைந்த ‘ஒப்பாசிட்டி’, ‘டிரான்ஸ்ஃபோர்ம்’, ‘ஃபில்டர்’ முதலியவை கேளாமலே புதுப்பெட்டி அமைத்துவிடுவன. பின்னிரண்டும் மேலும் ஒரு தொல்லை தரும்: அவற்றைப் பெற்ற மூதாதை உறுப்புக்குள் இருக்கும் நிலைத்த உறுப்பு, திரையை விட்டு அம்மூதாதையையே பற்றிக்கொள்ளும். அதனை அங்கிருந்து பெயர்த்து ‘பொடி’யின் நேர்ப்பிள்ளையாக வைப்பதே தக்க பரிகாரம்.

விசைப்பலகையின் சிக்கல் இதனின் வேறானது. அது பக்கத்துக்குப் புறம்பானதாதலின் எந்த எண்ணும் அதனை வெல்லாது. ஐபோனின் சபாரியில் விசைப்பலகை எழும்போது காண்பரப்புச் சுருங்குகின்றது, அமைப்புப்பரப்புச் சுருங்குவதில்லை. 2022இல், 108ஆம் பதிப்பு முதல், அண்ட்ரொயிட் குரோமும் இந்நெறிக்கு மாறியது. அடியில் நிலைத்த பொத்தான் ஆங்கே விசைப்பலகையின் பின்னே அமிழ்ந்துவிடும். படிவத்தின் பொத்தானை நிலைநிறுத்தாது, படிவத்தின் இறுதியிலேயே விட்டுவிடுவதுதான் என் கருத்திற் சிறந்தது. முழுத்திரை உயரத்துக்கு ‘100விஎச்’ என எழுதுவோரும் அதனைக் கைவிடலாம். உலாவியின் முகவரிப்பட்டை தோன்றி மறைவதற்கேற்ப மாறும் ‘டிவிஎச்’ அலகு 2022 முதல் சபாரியிலும் குரோமிலும் உண்டு.

தமிழுக்கேயுரிய இடரொன்றும் உளது. ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கும் தலைப்பட்டை, நம் நெடுஞ்சொற்களால் இரு வரிகளாகி, கீழுள்ள முதல் வினாவை மூடிவிடுகின்றது. உயரத்தைப் பிக்சலில் இறுக்கிக் கட்டாது, சொல்லின் நீளத்துக்கேற்ப வளரவிட்டு, அதன் உண்மையான உயரத்தை அளந்தே கீழே இடம் விடல் வேண்டும். மும்மொழிப் பக்கத்தை ஆங்கிலத்தில் மாத்திரம் சோதித்துவிட்டு வெளியிடுவோர் இவ்வழுவை ஒருபோதும் காணார்.