கணக்கு வேறு, காகிதம் வேறு

ஆரணியை அடுத்த சேவூரில் கூலிக்குப் பட்டு நெய்கிறவர் ஒரு முதலாளியை விட்டு விலக ராஜினாமா கடிதம் எழுதும் வழக்கமில்லை. ஏற்றிய பாவை நெய்து முடித்து, மிச்சமுள்ள ஊடைப் பட்டையும் சரிகையையும் எடை போட்டுத் திருப்பித் தந்து, வாங்கிய முன்பணத்தை அடைத்தால் கணக்கு நேர். அடைக்க முடியாதபோது புது முதலாளி அதை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வதும் உண்டு. கடன் தீராது, கைதான் மாறும்.

இதற்குச் சட்டம் 1976-லேயே எல்லை போட்டது. முன்பணத்துக்காக ஒருவர் வேறிடத்தில் வேலை பார்க்கும் உரிமையையே இழந்து நின்றால், கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ முறையிடலாம். இப்படிக் கட்டிப்போடாத சாதாரணக் கைமாற்று கடனாகவே நிற்கும்.

தறி வீட்டிலிருந்து செய்யாறு சிப்காட், ஒரகடம் என்று கம்பெனி வேலைக்குப் போகிறவர்களிடம் பிடித்துவைக்கப்படுவது காகிதம்: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, சில இடங்களில் அசல் மதிப்பெண் பட்டியல்.

இங்கே முதல் ஆதாரம் ராஜினாமா கடிதம்தான். சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டு நின்றுவிட்டால், பதிவேட்டில் 'ஆப்ஸ்காண்டிங்' (சொல்லாமல் நின்றவர்) என்று ஏறிவிடக்கூடும். கடிதத்தில் கடைசி வேலை நாளைத் தேதியோடு எழுதி, மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அந்தத் தேதிக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்கு ஒரு நீதிபதியின் வழக்கே சான்று. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக 1977 மே 7-இல் எழுதினார். ஜூலை 15-இல் அதைத் திரும்பப் பெற்றார். குறித்த நாள் வரும்வரை திரும்பப் பெறலாம் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சம்பள பாக்கிக்கு வழி இப்போது நேராக இருக்கிறது. பழைய 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டு நாள் கெடு, நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியவர்களுக்கே பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, தானே விலகியவருக்கும் இரண்டு வேலை நாளில் கூலியைத் தரச் சொல்கிறது. வராவிட்டால் 3 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் உரிமை கோரலாம். கிராஜுவிட்டி தனி: நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டுப் பணிக்குப் பிறகு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், 30 நாளில் கைக்கு வர வேண்டும்.

பி.எஃப். கணக்கில் நிர்வாகம் விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடிப்பது பழைய தொல்லை. கடைசிச் சந்தா கட்டி 2 மாதம் ஆனபின் ஊழியரே யு.ஏ.என். தளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குள் போய், 'மார்க் எக்ஸிட்' கொடுத்து, ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யை இட்டுத் தேதியைப் பதியலாம். யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

மிகவும் சிக்கலானது பாண்டு. அதை வெற்றுக் காகிதம் என்று தூக்கிப்போட முடியாது: 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. ஆனால் அந்தப் பணத்தைக் கேட்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. மதிப்பெண் பட்டியல் அடகுச் சீட்டு அல்ல. அசல் சான்றிதழைத் தர நேர்ந்தால், கொடுக்கிற அன்றே என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியலிட்டு நிறுவன முத்திரையுடன் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்ப நேரும்போது, அந்தத் தாளின் நகலைத்தான் முதலில் இணைப்பார்கள்.