உங்களுக்குத் தெரியுமா? கீழே விட்ட தண்ணீரை மேலே ஏற்றும் மின் நிலையம்

ஆனைமலைத் தொடரில், வால்பாறை செல்லும் வழியை ஒட்டிய மலைக்குள் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மின் நிலையமே பாறைக்குள் குடைந்தது.

மாலையில் ஊரெல்லாம் விளக்கு போடும் நேரத்தில் காடம்பாறை அணையின் நீர் சுரங்கக் குழாய் வழியே பாய்ந்து, தலா 100 மெகாவாட் திறனுள்ள 4 இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு, கீழே மேல் ஆழியாறு அணையில் சேர்கிறது. (கீழே இருக்கும் அணைக்கு 'மேல் ஆழியாறு' என்று பெயர், குழம்ப வேண்டாம்.) மின்தேவை குறைந்ததும் அதே இயந்திரங்கள் எதிர்த்திசையில் சுழலும். அப்போது அவை பம்புகள். இறங்கிய தண்ணீர் திரும்ப மலையேறும்.

இதில் லாபம் எங்கே? கணக்குப்படி நஷ்டம்தான். இத்தகைய நிலையங்களில் ஏற்றச் செலவான மின்சாரத்தில் சுமார் 70 முதல் 80 சதவீதமே திரும்பக் கிடைக்கும். ஆனால் உபரியாகக் கிடக்கும் மின்சாரத்தைத் தண்ணீராகச் சேமித்து, தட்டுப்பாடான வேளையில் எடுத்துக்கொள்ளலாமே! 1980-களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் அருமை, காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவிட்ட இன்றுதான் முழுதாகப் புரிகிறது. நீலகிரியின் குந்தாவிலும் 500 மெகாவாட்டில் இதே வகைத் திட்டம் ஒன்று கையில் எடுக்கப்பட்டது.