வரலாற்றறிஞர் வாங் குங்வூ

கடல் கடந்து வந்து குடியேறிய ஓரினத்தாருக்கு வழங்கும் பெயர், அவர்தம் உரிமையைக் கூட்டவும் வல்லது, குறைக்கவும் வல்லது. இவ்வுண்மையைச் சீனர் வரலாற்றில் வைத்து நுணுகி ஆராய்ந்தவர் பேராசிரியர் வாங் குங்வூ. மலாயாவில் வளர்ந்த இவ்வறிஞரின் ஆராய்ச்சி தமிழருக்கும் அயலானதன்று.

அவர் 1930ஆம் ஆண்டில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த சாவகத் தீவின் சுரபாயா நகரில் பிறந்தார். தந்தையார் சீனப் பள்ளி ஆசிரியர். பின்னர் ஈப்போவில் சீனப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக அமர்ந்தார். என்றேனும் ஒருநாள் தாயகம் திரும்பலாம் என்ற எண்ணத்துடனேயே அக்குடும்பம் வாழ்ந்தது. வீட்டில் சீனமும், ஆண்டர்சன் பள்ளியில் ஆங்கிலமும் கற்ற மைந்தர், 1947இல் நான்கிங் சென்று பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உள்நாட்டுப் போர் நெருங்கவே 1948இன் இறுதியில் திரும்பி வந்து, 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவருள் ஒருவரானார்.

அவருடைய நாட்டம் இக்கால வரலாற்றின்மேல் இருந்தது. ஆனால் அது அவசரகாலம். புதிய சீனாவைப் பற்றிய நூல்கள் பல தடை செய்யப்பட்டிருந்தன. எனவே பழங்காலத்தை நாடினார். அரசாங்கத் தடையால் கல்வியுலகம் நன்மை பெறுவதும் உண்டு போலும்! 1958இல் வெளிவந்த ‘நான்ஹாய் வாணிகம்’ என்னும் ஆராய்ச்சி அவ்வாறு பிறந்ததே. நான்ஹாய் என்றால் தென்கடல். கி.பி. 960 வரை அக்கடலில் நிகழ்ந்த சீன வாணிகத்தை அது ஆராய்கிறது.

இப்பணி எளிதன்று. சீன அரசமரபு வரலாறுகளை எழுதியோர் வணிகரைப் பெரிதும் மதித்தாரில்லை. இன்ன நாட்டுத் தூதர் வந்தார், இன்ன பொருளைத் திறையாகத் தந்தார் என்றே எழுதி வைத்தனர். திறை என்ற பெயருக்குள் மறைந்து கிடக்கும் கொள்ளல் கொடுத்தலை ஆராய்ச்சியாளரே கண்டெடுக்க வேண்டும். ஹான் மரபு வரலாற்றில், பொன்னும் பட்டும் எடுத்துச் சென்று முத்தும் மணியும் வாங்கி வரத் தென்கடல் வழியே போனவர்களைப் பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. அவர்கள் அடைந்த ஹுவாங்சி என்னும் நாடு நம் காஞ்சியே என்பது அறிஞர் பலர் கொள்கை.

அவர் 1957இல் லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். 1963இல் கோலாலம்பூரில் வரலாற்றுப் பேராசிரியரானார். 1968இல் ஆஸ்திரேலியா சென்றார். 1986 முதல் 1995 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்தார்.

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். வெளிநாட்டுச் சீனர் அனைவரையும் ‘ஹுவாச்சியாவ்’ எனக் குறிப்பது வழக்கமாயிருந்தது. ‘சியாவ்’ என்பது சிலகாலம் தங்கியிருத்தல். ஆகவே மூன்று தலைமுறையாக ஈப்போவில் வாழ்பவரும் திரும்பிப் போகவேண்டிய விருந்தினராகிறார். அவர் பற்று சீனாவிடமே என்ற ஐயம் எழுகிறது. வாங் குங்வூ இப்பொதுச்சொல்லை மறுத்தார். வணிகர், கூலித் தொழிலாளர், தற்காலக் குடியினர், வேற்றுநாட்டவராகவே ஆகிவிட்ட வழித்தோன்றல்கள் எனக் குடியேற்றத்தை நால்வகைப்படுத்தினார். வந்தவர் அனைவரும் ஒரே காரணத்தால் வந்தவரல்லர் என்பது அவர் கண்ட உண்மை.

தமிழர்க்கும் இப்பகுப்பு பொருந்துவதே. செட்டி நாட்டார் வட்டித் தொழிலுக்கும் யாழ்ப்பாணத்தார் அலுவலகப் பணிக்கும் வந்தனர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நின்றபின், கங்காணிமார் திரட்டி வந்தோர் ரப்பர்த் தோட்ட லயங்களில் குடியேறினர். இவர்கள் வரலாற்றை எழுதிய பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினமும் 1930இல் பிறந்தவரே. 1960களில் அதே மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவரே. மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றிய அவருடைய நூல் 1970இல் வெளியாயிற்று.

ஆனால் சான்றுகளில் வேற்றுமை பெரிது. தோட்டத் தமிழரைப் பற்றிய ஏடுகளிற் பெரும்பாலானவை தோட்டத்துரையும் அரசாங்கமும் எழுதியவை. பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கிராணி குறித்த செக்ரோலில் வேலைநாளும் கூலியும் இருக்கும். பால் வெட்டியவளின் மனம் இராது. வாங் குங்வூவின் தாயார் தம் வாழ்க்கைக் குறிப்பை மகனுக்கெனச் சீனமொழியில் கைப்பட எழுதி வைத்தார். 2018இல் வெளிவந்த தம் இளமை வரலாற்றில் மகன் அதனை மொழிபெயர்த்துச் சேர்த்துள்ளார். எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாத தோட்டத் தாய்மாரின் குறிப்பைப் பிறர் கேட்டே எழுதவேண்டும். சிரம்பானை அடுத்த செனாவாங்கில் ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. தோட்டம் கைமாறும்போது செக்ரோல் எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை. எஞ்சுவன பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடும், கோயிற் சுவரில் பொறித்த நன்கொடையாளர் பெயர்களும், முதியோர் நினைவுமே.